ஏப்ரல் நடனம், ஜனவரி மேடை

பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருக்கும் என் மச்சினன், பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் செய்தான். "அத்தான், எங்க அபார்ட்மென்ட்ல கல்ச்சுரல் ஃபெஸ்டிவல். மொத்தம் பத்து ஸ்டேட். குடும்பத்தோட வந்துடுங்க. அப்படியே உங்க பத்திரிகையில நாலு வரி போடுங்க."

போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலு வரியில் முடியவில்லை. அவன் மன்னிக்க வேண்டும்.

அபார்ட்மென்ட் என்று அவன் சொல்வது ஒரு சின்ன ஊர். ஏழு டவர், மூன்று கேட், ஒரு நீச்சல் குளம், ஒரு பிள்ளையார். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததும் இந்தச் சாலைக்கு ஒடிசாவும் வங்காளமும் ஆந்திராவும் பஞ்சாபும் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டன. லிஃப்டில் ஏறி ஏழாவது மாடி போவதற்குள் நாலு பாஷை காதில் விழுகிறது. இப்படி ஒரு இடத்தில் எல்லோர் பண்பாட்டையும் ஒருநாள் ஒன்றாகக் கொண்டாடுவோம் என்று நினைத்தது நல்ல யோசனைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, 'இந்த ஆளுக்கு எதுதான் பிடிக்கும்?' என்று யாரும் கேட்கக் கூடாது.

பொங்கலன்று மாலை. நுழைவாயிலில் வாழை மரம். அதற்குப் பக்கத்திலேயே பஞ்சாபி தலைப்பாகை கட்டிய ஒரு அட்டை மனிதர். முகம் இருக்கும் இடத்தில் ஓட்டை. நம் முகத்தை அதில் நுழைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டேன்.

*

விழாவில் எனக்கு மிகவும் பிடித்தது சாப்பாட்டுக் கடைகள். வெளியிலிருந்து கேட்டரிங் கூப்பிடாமல் குடியிருப்பவர்களே செய்து கொண்டுவந்திருந்தார்கள். பீகார்க்காரர் ஒருவர், ஆபீசில் பெரிய பதவியாம், லுங்கியைக் கட்டிக்கொண்டு லிட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒடிசாப் பெண்மணி ஒருவர் 'அரிசா பிட்டா' என்று ஒன்று வைத்திருந்தார். வாயில் போட்டால் நம்ம அதிரசம்! அரிசி மாவு, வெல்லப் பாகு, எண்ணெய்ப் பொரிப்பு, எல்லாம் அதே. நான் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் எதிர்க்கடை ஆந்திர அம்மா வந்துவிட்டார். "இது எங்க அரிசெலு. சங்கராந்திக்கு இது இல்லாம வீடே கிடையாது" என்றார். அந்தம்மா எள் தூவுவாராம், இந்தம்மாவும் தூவுவாராம். பாகுப் பதம் எது என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. கால் மணி நேரம் சண்டை. இங்கிலீஷில் ஆரம்பித்து, அவரவர் பாஷைக்குப் போய், கடைசியில் இரண்டு பேரும் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

பத்து மாநிலப் பண்பாட்டு விழா என்று போர்டு போட்டதற்கு நியாயமாக நடந்தது அந்தக் கால் மணி நேரம்தான் என்பது என் அபிப்பிராயம். காரணம் எளிது. அங்கே பண்டத்தைச் செய்தவரே பேசினார். கேட்டவர் பதில் சொன்னார். தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் இருந்தது.

மேடையில் இந்த மூன்றும் இல்லை.

*

மேடை பிரமாதமான மேடை. பின்னால் பெரிய எல்.ஈ.டி. திரை. தொகுப்பாளர் ஒரு இளைஞர், வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டவர், 'எனர்ஜி, எனர்ஜி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆறு நிமிஷம். குஜராத்துக்குக் கோலாட்டம், பஞ்சாபுக்குப் பாங்க்ரா, கேரளத்துக்குக் குடை. பிள்ளைகள் உழைத்து ஆடினார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நாலு வாரம் ரிகர்சலாம்.

அஸ்ஸாம் முறை வந்தது. எட்டுப் பெண் குழந்தைகள், சிவப்பு வெள்ளை உடை, தலையில் பூ. ஸ்பீக்கரிலிருந்து பாட்டு. 'பிஹு டான்ஸ்' என்று திரையில் எழுத்து. ஆடியவர்களில் யாருக்கும் அஸ்ஸாம் சொந்த ஊர் இல்லை. அதிலும் தப்பில்லை. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் எல்லோரும் தஞ்சாவூரா என்ன?

சத்தம் காதைப் பிளந்ததால் கேட் பக்கம் ஒதுங்கினேன். அங்கே யூனிஃபார்மில் ஒரு இளைஞர் தடுப்புக் கம்பியில் ஒரு கையும் மேடையில் ஒரு கண்ணுமாக நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனதும் விறைப்பாகி சல்யூட் அடித்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"அஸ்ஸாம், சார்."

சின்ன வயதில் இந்திப் பிரசார சபாவில் 'பிராத்மிக்' பாஸ் செய்தவன் நான். அந்த இந்தியும் அவருடைய தமிழும் ஏதோ ஒரு இடத்தில் சந்தித்துக்கொண்டன. மேடையைக் காட்டி, "உங்க ஊர் பிஹு! நல்லா இருக்கா?" என்றேன்.

சிரித்தார். "நல்லா இருக்கு சார். ஆனா இது ஏப்ரல் டான்ஸ். இப்ப ஜனவரி."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். பிஹு என்பது ஒன்று இல்லை, மூன்று. ஏப்ரல் நடுவில் வருவது ரொங்காலி பிஹு. அது அவர்களுக்கு வருஷப் பிறப்பு, நம் சித்திரை ஒன்று மாதிரி. டோல் அடித்து, எருமைக் கொம்பில் செய்த 'பெப்பா' ஊதி ஆடுகிற ஆட்டம் அதற்குரியது. அக்டோபரில் காத்தி பிஹு. நெல் இன்னும் வயலில் நிற்கும் காலம், குதிரில் ஒன்றும் இருக்காது, விளக்கு மட்டும் ஏற்றுவார்கள். ஜனவரி நடுவில் வருவது மாக் பிஹு. அறுப்பு முடிந்து வீட்டில் நெல் வந்தபிறகு வயிறாரச் சாப்பிடுகிற பண்டிகை. அதற்கு முதல் நாள் ராத்திரி, வயல்வெளியில் மூங்கிலும் வைக்கோலும் வைத்துக் குடிசை கட்டி, ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிடும். விடிகாலையில் குளித்துவிட்டு 'மேஜி' என்று கட்டை அடுக்கிய கோபுரத்துக்குத் தீ வைப்பார்கள். எள்ளுருண்டை பண்ணுவார்கள். சில ஊர்களில் எருமைகளை மோதவிடுவார்கள்.

நான் அசந்து நின்றேன். அறுவடை, விடியற்காலை நெருப்பு, எள்ளுருண்டை, மாட்டோடு ஒரு விளையாட்டு... இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஒரு ஊரில் அதே வாரத்தில் கிட்டத்தட்ட நம்ம போகியும் பொங்கலும்! அன்றைய தினத்தில் அந்த வளாகத்தில் சொல்லப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். சொல்லத் தெரிந்தவர் மேடையிலிருந்து ஐம்பது அடியில் நின்றுகொண்டிருந்தார். நாலு வார ரிகர்சலில் யாருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை. இன்டர்நெட்டைக் கேட்டிருக்கிறார்கள்.

"இந்த வாரம் உங்களுக்குப் பண்டிகை. லீவு கேட்கலையா?"

"பண்டிகைன்னா செக்யூரிட்டிக்கு டூட்டி ஜாஸ்தி, சார்."

பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே எழுதவில்லை. டூட்டி நேரத்தில் வம்பளந்தார் என்று அவர் சீட்டைக் கிழித்துவிட்டால் நான் என்ன பதில் சொல்வது?

*

கடைசி அயிட்டம் தமிழ்நாடு. அதற்கு மட்டும் நிஜமான கலைஞர்களையே அழைத்திருந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து ஒன்பது பேர் கொண்ட பறைக் குழு.

மேடைக்குப் பின்னால் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. பறை என்பது மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். மார்கழி, தை பனியில் தோல் நமத்துப்போகும். காய்ச்சினால்தான் விறைத்துக்கொண்டு 'கணீர்' என்று பேசும். வயலின்காரர் தந்தியை முறுக்குவது மாதிரி, இது சுருதி சேர்க்கிற வேலை. அவர்கள் கொஞ்சம் வைக்கோல் கொண்டுவந்திருந்தார்கள். வளாகத்துக்குள் தீ மூட்டக் கூடாது என்று விதி. கமிட்டிக்காரர் விதிப் புத்தகத்தைக் காட்டினார். "ஹீட்டர் ஏதாவது தரட்டுமா?" என்றும் கேட்டார். நல்ல மனுஷன்தான்.

"சூடு காட்டாம அடிச்சா சவசவன்னுதாங்க இருக்கும்" என்றார் குழுவின் தலைவர், ஐம்பது வயதுக்காரர். கடைசியில் ராஜஸ்தான் ஜிலேபிக் கடைக்காரர் தன் அடுப்பைக் காலி பண்ணிக் கொடுத்தார். ஒன்பது பறையும் அந்த கேஸ் அடுப்பில் காய்ந்தன. அன்றைக்கு நடந்த இரண்டாவது பண்பாட்டுச் சந்திப்பு இது.

தொகுப்பாளர் மைக்கைப் பிடித்தார். "நெக்ஸ்ட், நம்ம ஊரு டப்பாங்குத்து! எல்லாரும் எழுந்திருங்க, எனர்ஜி!"

பறை என்ற சொல் வரவில்லை. குழுவின் பெயர் வரவில்லை. ஒன்பது பேரில் ஒருவர் பெயரும் வரவில்லை. கமிட்டி உறுப்பினர்கள் பதினாலு பேர் பெயரும் இரண்டு தடவை வாசிக்கப்பட்டன. ஸ்பான்சர் பெயர்களை எண்ணவில்லை.

அடித்தார்கள். அந்த ஏழு டவரும் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. ஒடிசாவும் ஆந்திராவும் பீகாரும் இறங்கி ஆடின. என் மச்சினன் ஆடினான். நானும் ஆடினேன் என்று வீட்டம்மா சொல்கிறார். வீடியோ இருக்கிறதாம். பன்னிரண்டு நிமிஷத்தில் 'டைம் ஓவர்' என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

சாப்பிடும் இடத்தில் அந்தத் தலைவரைப் பிடித்தேன். "பேரே சொல்லலையேண்ணே, வருத்தமா இல்லையா?"

"பழகிருச்சுங்க. பதினோரு மணிக்குக் கிளாம்பாக்கத்துல பஸ்ஸு. அதுக்குள்ள விட்டாப் போதும்" என்றார். இலையை மடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ஊர்ல எழவு வீட்டுக்கு அடிக்கக் கூப்பிட்டா வர மாட்டேன்னு சொல்லிப் பத்து வருஷமாச்சுங்க. எங்கப்பா அப்படிச் சொல்ல முடியாது. நான் சொன்னேன்னா, மேடை இருக்குங்கற தைரியத்துலதான். அதனால மேடைய நான் குறை சொல்ல மாட்டேன்."

அதுவரை நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த விமர்சனம் முழுவதும் அங்கே சரிந்துவிட்டது. 'மண்ணின் கலையைப் பிடுங்கி மேடையில் வைத்துக் காட்சிப் பொருள் ஆக்குகிறார்கள்' என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். கலை அதன் 'இயல்பான' இடத்தில் இருக்க வேண்டும் என்று நாம் வசதியாக உட்கார்ந்து சொல்லிவிடலாம். பறையின் இயல்பான இடம் என்று ஊர் அவருக்கு ஒதுக்கியது எழவு வீட்டு வாசல். கூலி பேச முடியாது, வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதிலிருந்து வெளியே வர அவருக்குக் கிடைத்த கதவு மேடை. அந்தக் கதவில் பெயர்ப்பலகை இல்லை என்பதுதான் இப்போது என் புகார். சாவுக்கு அடிக்கக் கூப்பிட்டவர்களும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மேடையும் கூப்பிடவில்லை என்றால் என்ன வித்தியாசம்?

*

இது ஒரு அபார்ட்மென்ட் சமாசாரம் மட்டும் இல்லை. 1985-ல் அமெரிக்காவில் இந்தியத் திருவிழா நடந்தது. வாஷிங்டன் நகரத்தின் நடுவிலுள்ள புல்வெளியில் 'மேளா' என்று ஒரு சந்தையையே எழுப்பினார்கள். நம் தெருக் கலைஞர்கள், வித்தைக்காரர்கள், கைவினைஞர்கள் எல்லாம் அங்கே போனார்கள். அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கைதட்டினார்கள். இங்கே திரும்பிவந்தால்? டெல்லியில் அமலில் இருந்த பிச்சை ஒழிப்புச் சட்டத்தில் பிச்சைக்கு ஒரு விளக்கம் உண்டு. பொது இடத்தில் பாடி, ஆடி, வித்தை காட்டிக் காசு வாங்குவதும் அதில் அடக்கம். அதாவது வாஷிங்டனில் பாரதப் பண்பாட்டின் தூதர், டெல்லித் தெருவில் அதே வேலையைச் செய்தால் போலீஸ் பிடிக்கலாம். டெல்லி உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பிரிவுகளை ரத்து செய்தது 2018 ஆகஸ்டில். கைதட்டலுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் முப்பத்துமூன்று வருஷம்.

மேடைக் கைதட்டல் மேடையோடு நின்றுவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நம் ஊரில் நடந்ததையும் பார்க்கலாம். 2007-ல் சென்னை சங்கமம் தொடங்கியபோது கரகமும் ஒயிலாட்டமும் பறையும் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் வந்தன. டிக்கெட் கிடையாது. அதுவரை குடியரசு தின ஊர்வலத்தில் மட்டும் இவற்றைப் பார்த்த நகரத்துப் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியது, சங்கமமும் நின்றது. 2023 பொங்கலுக்குத் திரும்பி வந்தது. ஒரு தேர்தல் முடிவில் மேடை போய்விடுமானால் மேடையை நம்பி 'எழவுக்கு வர மாட்டேன்' என்று சொன்ன மனிதர் என்ன செய்வார் என்பது என் நெடுநாள் கேள்வி.

2015-ல் பெசன்ட் நகருக்குப் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா ஆரம்பித்தார்கள். டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்து மக்களுமாக நடத்தியது. மீனவர் குடியிருப்பிலேயே மேடை. கச்சேரியும் பரதமும் பறையும் வில்லுப்பாட்டும் அதே மேடையில். 'குப்பத்துக்குக் கர்நாடக சங்கீதம் எதற்கு?' என்று அப்போது கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அங்கே யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பது தலைகீழாகிவிட்டது. சபாக்காரர்கள் குப்பத்துக்கு விருந்தாளியாகப் போனார்கள். ஒரு விழாவை அளக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது. எத்தனை மாநிலம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, யார் வீட்டுக்காரர் என்று பாருங்கள்.

பெயர் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2024-ல் வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவைப் பக்கத்துப் பத்திரப்பனுக்குப் பத்மஸ்ரீ. ஆண்கள் மட்டும் ஆடிவந்த கும்மியில் பெண்களைச் சேர்த்து ஆடவைத்தவர் அவர். நாட்டுப்புறக் கலை மாறாத பழம்பொருள், அதை அப்படியே பாதுகாக்க வேண்டும் என்பவர்கள் கவனிக்க. 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ. பெயரோடு 'ஆசான்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். வித்வான் மாதிரி, உஸ்தாத் மாதிரி. இதே சென்னையில் டிசம்பர் கச்சேரிக்குப் போனால் கடம் வாசிப்பவர், கஞ்சிரா வாசிப்பவர் பெயர்கூட நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும். பறைக்கு மட்டும் 'குழுவினர்' போதுமா?

*

நான் பி.காம். எந்த விழாவாக இருந்தாலும் கடைசியில் கணக்கைப் பார்க்காமல் தூக்கம் வராது. மச்சினன் கமிட்டியில் பொருளாளர். வரவு செலவுத் தாளை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினான். கணக்கு சுத்தம், ஒரு ரூபாய் இடிக்கவில்லை. முதல் பெரிய செலவு மேடையும் ஒளி ஒலியும். அடுத்தது தொகுப்பாளர். 'எனர்ஜி' சொன்ன ஒரு வாய்க்குக் கொடுத்தது, மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து அடித்த பதினெட்டுக் கைகளுக்குக் கொடுத்ததைவிட அதிகம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள், இவர்கள் கேட்டதையும் கொடுத்தார்கள். மார்க்கெட் ரேட். ஆனால் பண்பாட்டு விழா என்று பெயர் வைத்துவிட்டு பண்பாட்டை மார்க்கெட் ரேட்டில் கடைசி வரிசையில் எழுதினால், தாள் டேலி ஆகும், விழா டேலி ஆகாது.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. தொகுப்பாளருக்குப் பதில் ஒவ்வொரு ஆட்டத்தையும் தெரிந்தவர் ஒருவர் வந்து ஒரு நிமிஷம் பேசலாம். ஆடுகிறவர் பெயரைத் திரையில் போடலாம், அவ்வளவு பெரிய திரை இருக்கிறதே! பறைக்காரர் கேட்டால் நெருப்பு கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வேறு மாநிலத்துக்காரர் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடும்போது, வீடு வாங்கியவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் வாசலில் நிற்பவரையும் படிக்கட்டு துடைப்பவரையும் கேட்கலாம்.

இதையெல்லாம் மச்சினனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அவன் நல்ல பையன்.

"சரி அத்தான், அடுத்த வருஷம் செஞ்சுடலாம். தீக்கு மட்டும் அசோசியேஷன் ஒத்துக்காது."

"ஒரு இரும்புச் சட்டி, அதுல நாலு கரி போதும் மாப்ளே. பக்கத்துல தண்ணி வாளி வெச்சுக்கோ."

"பார்க்கறேன். அந்த அஸ்ஸாம் செக்யூரிட்டி யாரு? எந்த கேட்? எங்களுக்கு மூணு கேட் இருக்கே."

"மூணுலயும் போய்க் கேளு" என்று போனை வைத்துவிட்டேன்.